கடைவீதியும் வழியின் உரிமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

பழைய கடைவீதிகளை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளும் அலுவலகங்களும், அடித்தளத்தில் வாகனம் நிறுத்த இடமும் கொண்ட அடுக்குமாடிகளை எழுப்புவது இன்று பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. நாளை நம்மைப் போன்ற பேரூர்களுக்கும் அது வரும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அங்கே வாழ்ந்தவரும் வணிகம் செய்தவரும் திரும்பி வந்தார்களா? வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடைகளைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பக்கத்துப் பேட்டைகள்

வாகனம் நிறுத்துவது காரும் மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்த புதிய பிரச்சினை என்று நாம் எண்ணுகிறோம். அது வண்டியும் மாடும் இருந்த காலத்துப் பிரச்சினை. கிழக்கே நமக்கு அண்மையில் உள்ள சாத்தூர், சிவகாசி, சற்றுத் தள்ளியுள்ள விருதுநகர் ஆகிய ஊர்களின் வரலாறு இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்து அங்கே குடியேறிய நாடார் சமூக வணிகர்கள் பேட்டைகளை அமைத்தனர். சுற்றுச் சுவரும் வாசலும் உடைய அந்த இடத்தில் சரக்கு வண்டிகளை நிறுத்தலாம், மாடுகளைக் கட்டலாம், சரக்கைப் பத்திரமாக வைத்து விற்கலாம், இரவில் கள்ளர் பயமின்றித் தங்கலாம். கடை, கிட்டங்கி, தங்குமிடம், வண்டி நிறுத்துமிடம் அனைத்தும் ஒரே வளாகத்தில் இருந்தன.

அவ்வூர் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின் அளவுக்கேற்பச் சிறு தொகையை 'மகமை' என்ற பெயரில் பொதுநிதிக்குச் செலுத்தினர். அந்நிதியிலிருந்து கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. நமது அண்டைச் சமூகத்தார் செய்த இக்காரியம் நாம் கண்ணியத்துடன் கற்றுக்கொள்ளத்தக்கது. வண்டி நிற்க இடம் தருவது தனி ஒருவரின் பொறுப்பன்று, கடைவீதியில் பலன் பெறும் அனைவரின் பொறுப்பு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மதீனாவின் சந்தை

நமது மார்க்கத்தின் வரலாற்றிலும் கடைவீதிக்குத் தனி இடம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது அங்கே பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தை பெயர் பெற்றிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கெனத் திறந்தவெளி ஒன்றைத் தேர்ந்து, அதன் இடம் குறுக்கப்படக்கூடாது, அங்கே வணிகர் மீது வரி விதிக்கப்படக்கூடாது என்று கூறியதாக அறிவிப்பு உண்டு. சந்தையும் பள்ளிவாசலைப் போன்றதே; முதலில் வந்து அமர்ந்தவர் எழுந்து செல்லும்வரை அவ்விடம் அவருக்குரியது என்பது ஹளரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. செல்வந்தரும் ஏழையும் ஒரே ஸஃப்பில் நிற்பது போல, அச்சந்தையில் பெருவணிகரும் தலைச்சுமை வியாபாரியும் சமமாக அமர்ந்தனர்.

வழியின் அகலத்தில் தகராறு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். சுமை ஏற்றிய ஒட்டகம் தடையின்றிச் செல்லப் போதுமான அகலம் அது. இதைவிட நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்றை அபூதாவூத் பதிவு செய்கிறார். ஒரு போர்ப் பயணத்தின்போது மக்கள் தங்குமிடங்களில் நெருக்கியடித்து இறங்கி, வழியையும் அடைத்துவிட்டனர். இதையறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பினார்கள். இடத்தை நெருக்கடியாக்குபவருக்கும் வழியை அடைப்பவருக்கும் அந்த ஜிஹாத் இல்லை என்று அவர் உரக்க அறிவித்தார். அல்லாஹ்வின் பாதையில் உயிரைப் பணயம் வைத்துப் புறப்பட்டவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஜும்ஆவுக்கு வந்து பாதையை மறித்து வாகனத்தை நிறுத்துகிறவரின் நிலை என்ன? நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு

பொதுநலனுக்காக ஒருவரின் இடத்தை எடுக்கலாமா என்ற வினாவும் புதியதன்று. ஹிஜ்ரீ 17ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முற்பட்டபோது, நாயகத்தின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு குறுக்கே இருந்தது. விலைக்குக் கேட்டும் அவர்கள் தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது. கலீஃபாவும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாக மனமுவந்து அவ்வீட்டைப் பள்ளிக்காக விட்டுக்கொடுத்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசலுக்காகவே ஆயினும் உரியவரின் மனம் ஒப்பாமல் ஓர் அடி மண்ணையும் எடுக்கலாகாது என்ற பாடம் இதில் அடங்கியுள்ளது.

கடைகள் தாங்கிய பள்ளிவாசல்

1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ், சில ஆண்டுகளிலேயே அங்கே மூடிய அங்காடி ஒன்றை எழுப்பத் தொடங்கினார். இன்று இஸ்தான்புல்லின் பெரிய பஜார் என உலகம் அறிந்திருப்பது அதிலிருந்து வளர்ந்ததே. அதன் வாடகை வருமானம் அயா ஸோஃபியா பள்ளிவாசலின் வக்ஃபுக்குச் சேர்ந்தது. அந்நாட்டு நகரங்களில் இருந்த 'கான்' எனும் வணிகர் விடுதிகளில் கீழ்த்தளத்தில் சுமை விலங்குகளும் சரக்குகளும், மேல்தளத்தில் வணிகர்களும் தங்கினர். கடையும் வீடும் வண்டி நிறுத்தமும் ஒன்றாய் அமைந்த கட்டடம் நமது முன்னோர்க்கும் அறிமுகமானதே. கடை வாடகை பள்ளிவாசலையும் மதரஸாவையும் தாங்கியது. பள்ளிவாசலின் நிழலில் கடைவீதி செழித்தது.

பிண்டி பஜார் தரும் படிப்பினை

நம் நாட்டில் இக்காலத்தில் நடந்துவரும் பெரிய முயற்சிகளில் ஒன்று மும்பையின் பிண்டி பஜாரில் உள்ளது. அப்பெயர் பூவரச மரத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர்; அங்காடிக்குப் பின்புறம் என்ற ஆங்கிலச் சொற்றொடரின் திரிபு என்பாரும் உளர். முஹம்மது அலி ரோட்டை ஒட்டிய அப்பகுதியில் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலைக்கு வந்த தனி ஆண்களுக்கென எழுந்த பழைய கட்டடங்களில், பிற்காலத்தில் குடும்பங்கள் நெருக்கமாகக் குடியேறின. பல வீடுகளுக்குக் கழிப்பிடம் பொதுவாகவே இருந்தது.

கட்டடங்கள் சிதைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் வாடகைச் சட்டம். 1947இன் பம்பாய் வாடகைச் சட்டம் ஏழைக் குடியிருப்போரைக் காக்கும் நல்லெண்ணத்தில் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. அற்ப வாடகையில் பழுது பார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. சொற்ப வாடகை என்பதால் குடியிருப்போரும் வெளியேற மனம் கொள்ளவில்லை. இருவருக்கும் இடையே சுவர் மட்டும் விரிசல் கண்டது.

இந்நிலையில் தாவூதி போரா சமூகத்தின் தலைவராயிருந்த ஸய்யிதினா முஹம்மது புர்ஹானுத்தீன் அவர்களின் முயற்சியால் 2009இல் ஸைஃபீ புர்ஹானீ மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. கொள்கையில் அவர்கள் நம்மோடு வேறுபட்டவர்கள். ஆயினும் நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வது முஃமினின் பண்பு. சுமார் 16.5 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 250 பழைய கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். இவற்றைத் தனித்தனியே இடிக்காமல் ஒரே தொகுதியாக எடுத்து, அகன்ற சாலைகளும் நடைபாதைகளும் வாகன நிறுத்துமிடங்களும் கொண்ட அடுக்குமாடிகளாகக் கட்டுவதே திட்டம்.

அத்திட்டத்தின் உயிர்நாடி அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர் புதிய வீட்டுக்கு விலையின்றிச் சொந்தக்காரர் ஆகிறார். சிறிய அறையில் இருந்தவருக்கும் குறைந்தது 350 சதுர அடி. கடை வைத்திருந்தவருக்கு அதே பகுதியில் கடை. கட்டி முடியும்வரை தங்க மாற்றுக் குடியிருப்பு. எஞ்சிய பகுதியை விற்றுக் கிடைக்கும் பணம் செலவை ஈடுசெய்ய உதவுகிறது. அல்-ஸஆதா என்ற பெயரில் முதற்கட்ட இரட்டைக் கோபுரங்கள் எழுந்து, பழைய குடும்பங்கள் அங்கே குடியேறினர்.

ஆயினும் இவ்வரலாற்றில் கண்ணீரும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31 அன்று காலை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டே நாட்கள் இருக்கையில், அத்திட்டத்துக்குட்பட்ட ஹுஸைனீ கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சில குடும்பங்கள் முன்பே மாற்றிடம் சென்றிருந்தன. மற்றவை இன்னும் அங்கேயே இருந்தன. ஊர் விட்டுப் போனால் திரும்ப இடம் கிடைக்குமா என்ற அச்சம் பழைய கட்டடங்களில் வாழும் எவருக்கும் இயல்பானது. அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு கட்டுபவரையே சாரும். எழுத்தில் உறுதியும் சொன்ன காலத்தில் நிறைவேற்றமும் இல்லாவிடில் நல்ல திட்டமும் உயிர்களைக் காக்கத் தாமதமாகிவிடும்.

தியாகராய நகர் காட்டும் மறுபக்கம்

நம்மில் பலர் திருமணத் துணியெடுக்கச் செல்லும் சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரை எடுத்துக்கொள்வோம். இரு மருங்கிலும் வாகனங்கள் அணிவகுத்து நின்ற அச்சாலையில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அருகே தணிகாசலம் சாலையில் 200க்கும் மேற்பட்ட கார்களையும் 500க்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்களையும் ஏற்கும் பன்னடுக்கு நிறுத்துமிடம் எழுந்தது. நடப்பவருக்கு வழி கிடைக்க வேண்டுமானால் வண்டிக்கு வேறிடம் காட்ட வேண்டும் என்ற எளிய நியாயமே இதன் அடிப்படை. நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே தனி வணிக வளாகத்திற்கு மாற்றியிருந்தனர். அத்தகைய சிறு வியாபாரிகளின் உரிமையைக் காக்க 2014இல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியது. வழியைத் திறப்பதும் வயிற்றுப்பாட்டைக் காப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

நமக்கான கடமை

2019இல் தென்காசி மாவட்டம் உதயமான பின் நமது திருவேங்கடம் அம்மாவட்டத்தின் வட்டத் தலைநகராக விளங்குகிறது. அலுவல் நிமித்தம் வருவோர் பெருகப் பெருக வாகனங்களும் பெருகும். கடைவீதியின் இடமதிப்பும் உயரும். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகள் எந்த ஊரில் இருப்பினும், அவற்றை இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் ஒருநாள் எழவே செய்யும். அப்போது நினைவில் நிற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வாடகை. வக்ஃபுச் சொத்தை அதன் நியாயமான வாடகைக்கே விட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். முகத்தாட்சண்யத்துக்காக வாடகையைக் குறைத்தே வைப்பது வக்ஃபைச் சிதைக்கும். பிண்டி பஜாரின் சுவர்கள் அதற்குச் சாட்சி.

இரண்டாவது, குடியிருப்போர். தலைமுறையாகக் கடை நடத்தும் தையல்காரரும் மளிகைக்காரரும் எந்தச் சமூகத்தவராயினும், கட்டடம் எழுந்தபின் திரும்பி வரும் உரிமையை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். கலீஃபாவே ஒரு வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருந்தார்கள் என்பதை முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் மறந்துவிடலாகாது.

மூன்றாவது, வழி. கடை கட்டும் முன் வண்டி நிற்கும் இடத்தை அளக்க வேண்டும். அதுவரை, வெள்ளிக்கிழமைகளில் இளைஞர்கள் நால்வர் பாங்கு சொல்வதற்கு முன்பே நின்று, வாகனங்களை ஓரமாக ஒழுங்குபடுத்தினால் போதும். பக்கத்துக் கடைக்காரரின் வாசலும், பேருந்தின் பாதையும், மருத்துவமனைக்குச் செல்லும் அவசர ஊர்தியின் வழியும் அடைபடாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, அந்த இடையூறாக நம் வாகனமே நிற்கலாமா?

நமது பள்ளிவாசலின் வாசலைக் கடந்து செல்லும் சகோதர சமயத்தார் நம் தொழுகையை உள்ளே வந்து பார்ப்பதில்லை. வெளியே நாம் வாகனம் நிறுத்தும் ஒழுங்கை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் நமது வணிகத்தில் பரக்கத்தையும், நமது ஊரில் ஒற்றுமையையும், பிறர் உரிமை பேணும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.