மஞ்சள் விளக்கும் ஒரு நகரத்தின் கண்ணீரும்



பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் புறப்பட்ட அன்று, என் மகிழுந்தின் முகப்பில் எஞ்சின் வடிவிலான சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி எப்போதும்போல் ஓடியது. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். கணினிக் கருவியைச் செருகிப் பார்த்த இளைஞர், "ஐயா, பெட்ரோல் ஆவி கசிகிறது. வால்வை மாற்ற வேண்டும்" என்றார். மாற்றினார். 380 வெள்ளி கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அந்த விளக்கு மீண்டும் எரிந்தது.

கருவி காட்டிய குறியீடு பி0442. அதன் பொருளைத் தேடப் போனவன், ஒரு நகரத்தின் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். அதையே இங்குப் பகிர விரும்புகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ், 1943

1943 சூலை 26ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் கவ்வியது. மக்களின் கண்கள் எரிந்து நீர் வழிந்தன, தொண்டை கரகரத்தது. அப்போது உலகப்போர்க் காலம். எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினர்.

மக்களின் சினம் அலிசோ தெருவில் இருந்த ஓர் ஆலையின்மீது திரும்பியது. அது செயற்கை இரப்பருக்கு வேண்டிய பியூட்டடையீன் என்னும் வேதிப்பொருளைத் தயாரித்த ஆலை. இந்த இடத்தில் நம் மண்ணும் கதைக்குள் வருகிறது. 1942இல் மலாயா சப்பானியர் கையில் வீழ்ந்ததும், நம் தோட்டங்களின் இரப்பர் அமெரிக்காவுக்குக் கிடைக்காமற் போயிற்று. அந்தக் குறையை ஈடுகட்டவே செயற்கை இரப்பர் தொழில் அங்கே அவசர அவசரமாக வளர்க்கப்பட்டது.

ஆலையைச் சில காலம் மூடினார்கள். புகைமூட்டம் குறையவில்லை. குற்றவாளி வேறெங்கோ இருந்தான்.

அன்னாசியை ஆராய்ந்தவர்

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மித். நெதர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழத்தின் ஆவியைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்த அதே முறையில், நகரத்துக் காற்றையும் குளிரவைத்தார். கிடைத்தவை துர்நாற்றம் வீசும் சில பழுப்புத் துளிகள்.

அதிலிருந்து தொடங்கி அவர் கண்டறிந்த உண்மை இதுதான்: எரியாத பெட்ரோல் ஆவியும், வண்டிப்புகையில் உள்ள நைட்ரசன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. 1997இல் நாம் கண்ட புகைமூட்டம் காட்டுத் தீயால் வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டமோ வெயிலில் சமைக்கப்பட்டது. ஓசோனின் அளவை அறிய அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. வளைத்து வைத்த இரப்பர்த் துண்டுகளைக் காற்றில் வைத்து, அவை எவ்வளவு விரைவில் வெடிக்கின்றன என்று பார்த்தார்.

எண்ணெய்த் தொழில்துறையின் நிதியில் நடந்த ஆய்வுகள் அவர் கூற்றை மறுத்தன. அவரோ வாதாடுவதோடு நிற்கவில்லை. மேலும் மேலும் சோதித்துக் காட்டினார். பிற்காலத்தில் கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியத்துக்கு முதல் தலைவரானவரும் அவரே.

மூன்று வாசல்கள்

கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டியிலிருந்து எரியாத பெட்ரோல் மூன்று வாசல்கள் வழியே வெளியேறியது. ஒன்று, புகைக்குழாய். இரண்டு, எஞ்சினின் அடிப்பெட்டி. மூன்று, பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும். மூன்றாவது வாசலுக்கு எஞ்சின் ஓடவே வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த வண்டியும் வெயிலில் ஆவியைக் கக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே சென்றது.

இந்த வாசலை அடைக்க 1970ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்குக் கலிபோர்னியாவிலும், 1971ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு அமெரிக்கா முழுமைக்கும் விதி வந்தது. நுண்துளைகள் நிறைந்த கரி அடைத்த ஒரு கலன், தொட்டியின் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும்.

ஆனால் குழாய் வெடித்தால் வண்டியோட்டிக்குத் தெரியுமா? தெரியாது, வண்டிதான் நன்றாக ஓடுகிறதே! ஆகவே, வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றொரு விதி பிறந்தது. அதன் இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய மகிழுந்துகள் அனைத்துக்கும் கட்டாயமானது. முதலில் 1 மில்லிமீட்டர் அகல ஓட்டையையும், 2000 தொடங்கி அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றானது.

கணினி அதைக் காணும் முறை பல வண்டிகளில் இப்படித்தான்: எஞ்சின் குளிர்ந்த நிலையில் தொடங்கி, தொட்டியும் நிறைந்தோ வறண்டோ இல்லாதபோது, காற்றுவழியை அடைத்துவிட்டு எஞ்சினின் உறிஞ்சுவிசையால் தொட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும். பிறகு எல்லா வழிகளையும் மூடிக் காத்திருக்கும். அழுத்தம் விரைவாக ஏறினால் எங்கோ கசிவு. அடுத்த சோதனையிலும் அப்படியே என்றால், விளக்கு எரியும்.

மீண்டும் என் வண்டிக்கு

இப்போது பி0442க்குப் பொருள் விளங்குகிறது. அது 'சிறு கசிவு' என்று மட்டுமே கூறுகிறது. எங்கே என்று கூறவில்லை. 1943இல் 'கண் எரிகிறது' என்ற ஒன்றை வைத்து ஆலையை மூடினார்களே, அதையேதான் 380 வெள்ளிக்கு நானும் செய்திருக்கிறேன்.

இரண்டாவது பட்டறையில் ஒரு முதியவர், எதையும் கழற்றாமல் குழாய்க்குள் மெல்லிய புகையைச் செலுத்தினார். பத்து நிமிடத்தில் பெட்ரோல் மூடியின் ஓரத்தில் புகை கசிந்தது. மூடியின் இரப்பர் வளையத்தில் நகக்கீறல் அளவு வெடிப்பு. புதிய மூடி 35 வெள்ளி. மூன்று நான்கு பயணங்களுக்குப் பின் விளக்கு தானாகவே அணைந்தது.

உங்கள் வண்டியிலும் இவ்விளக்கு எரிந்தால்:

1. விளக்கு சிமிட்டினால் அது வேறு சிக்கல். எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. வேகத்தைக் குறைத்து, விரைவில் பழுது பாருங்கள்.
2. சிமிட்டாமல் எரிந்தால், முதலில் பெட்ரோல் மூடியின் வளையத்தைப் பாருங்கள். 'கிளிக்' ஒலி கேட்கும்வரை திருகுங்கள்.
3. எண்ணெய் நிலையத்தில் குழாய் தானே நின்றபின் மேலும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் கரிக்கலனுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.
4. ஆவிக்கசிவுக் குறியீடு என்றால், புகைச்சோதனை செய்யாமல் உதிரிப்பாகம் எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இதை எழுதும்போது ஒரு பழைய நினைவு உறுத்துகிறது. பயிற்சிக் கல்லூரி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் எழுதியதைப் பிழையாகவே படியெடுக்கும் மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று பலமுறை வகுப்பில் நிற்க வைத்தேன். பள்ளிக்கு வந்த தாதியர் கண் பரிசோதனை செய்த பிறகுதான், அவனுக்குப் பலகையே தெரியவில்லை என்று அறிந்தேன். மறுவாரம் கண்ணாடியோடு வந்தவன், என்னைப் பார்த்துச் சிரித்தான். நான்தான் சிரிக்க முடியாமல் நின்றேன்.

380 வெள்ளியை மறந்துவிடலாம். அந்த மாணவனை நிற்க வைத்த நாள்களை எப்படித் திருப்பிக் கொடுப்பது?