வீல் ஜேன் சுரங்கமும் நாணல் குட்டைகளும்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயத்தின் விலை சரிந்ததில் தொடங்கி ஒரு ஆறே ஆரஞ்சு நிறமாக மாறியது. பி.காம். படிக்கிறவன் கழிவுநீரைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் பதில் :-)

இடம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால். பல நூற்றாண்டுகளாக வெள்ளீயம் தோண்டிய பகுதி. உலகச் சந்தையில் விலை விழாமல் இருக்க, சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் என்ற அமைப்பு சரக்கை வாங்கி வாங்கி இருப்பு வைத்தது. 1985 அக்டோபரில் அதன் கையில் காசு தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். விலை ஏறக்குறைய பாதியானது. ட்ரூரோ நகருக்குப் பக்கத்தில் இருந்த வீல் ஜேன் சுரங்கம் 1991 வரை தாக்குப்பிடித்து, பிறகு மூடப்பட்டது.

சுரங்கம் மூடினால் பம்ப்பும் நிற்கும். உள்ளே தண்ணீர் ஏறும். பாறையில் இருக்கும் இரும்பு-கந்தகத் தாது, காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளும். 1992 ஜனவரி 13 அன்று பழைய வடிகால் சுரங்கம் ஒன்றின் அடைப்பு பிய்த்துக்கொண்டது. கோடிக்கணக்கான லிட்டர் அமிலநீர் கார்னன் ஆறு வழியாக ஃபால் கழிமுகத்தில் போய்க் கலந்தது.

அவசரத்துக்குச் சுண்ணாம்பு கலந்து சமாளித்தார்கள். நிரந்தர வழி தேடி, 1994-ல் சோதனை முயற்சியாகச் செயற்கை ஈரநிலங்களை அமைத்தார்கள். இங்கே ஒரு விஷயம். நாணல் உலோகத்தை உறிஞ்சிக் குடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். செடி எடுப்பது கொஞ்சம்தான். முதலில் நாணல் வளர்ந்த ஆழமில்லாத குட்டைகள்; அங்கே இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படியும், ஆர்செனிக்கும் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்தது காற்றுப் புகாத தொட்டி. மரத்தூள், உலர்ந்த புல், மாட்டுச் சாணம் போட்டு நிரப்பியது (ஆம், சாணம்தான்!). அதில் வாழும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள சல்பேட்டைச் சல்பைடாக்கும். துத்தநாகமும் காட்மியமும் அதோடு சேர்ந்து கரையாத பொருளாகிக் கீழே தங்கும். கடைசியில் பாசி படர்ந்த கல் படுகை, மாங்கனீசுக்காக.

இரும்பும் ஆர்செனிக்கும் நன்றாகவே பிடிபட்டன. துத்தநாகம்தான் சீராக அகலவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் இடம். சோதனைக் குட்டைகள் சுத்தம் செய்தது சுரங்கத்திலிருந்து வந்த நீரில் மிகச் சிறிய பங்கைத்தான். மொத்த நீருக்கும் குட்டை வெட்டுவதென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் போதாது. நடத்தும் செலவு குறைவு, நிலத்தின் தேவை அதிகம் என்பது ஈரநிலத்தின் கணக்கு. சுண்ணாம்பு ஆலைக்கு அப்படியே நேர்மாறு: சின்ன இடம் போதும், ஆனால் சுண்ணாம்பு, மின்சாரம், ஆள் என்று தினமும் செலவு. 2000-ல் சுண்ணாம்பு ஆலைதான் ஜெயித்தது.

சுரங்கம் ஓடிய காலத்து லாபநட்டக் கணக்கில் இந்தச் செலவுக்கு ஒதுக்கீடு எங்கே என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கடைசியில் அது அரசின் தலையில், அதாவது வரி கட்டுபவர்கள் தலையில் விழுந்தது. ஆலை இன்றும் ஓடுகிறது. அது பிரித்தெடுக்கும் உலோகச் சேறு போய்ச் சேர்வது, அதே சுரங்கம் தன் கழிவைக் கொட்டிவைத்த பழைய அணைக்குத்தான்.