பண்டும் காவலும்: 1896 திண்டுக்கல் கிளர்ச்சியின் நீதி

1896இல் திண்டுக்கல் தாலுகாக் குடியானவர்கள் கள்ளர் சாதியினர் கூலி பெற்றுச் செய்த ஊர்க்காவலை ஒழிப்பதென்று ஊர் ஊராகக் கூடி முடிவெடுத்தனர். இடையர் குலத்து அம்மையப்பக் கோன் முன்னின்றார். திரட்டிய பணத்துக்குப் ‘பண்டு’ என்று பெயர். களவு கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு கிடைத்தது. விரைவில் பழனி, பெரியகுளம் பக்கமும் இயக்கம் பரவியது. இதை உழவர் எழுச்சி என்று மட்டும் வாசிப்பது பாதி உண்மை. பண்டு தன் உறுப்பினருக்குப் பாதுகாப்பையும், ஒரு சாதி முழுமைக்கும் தண்டனையையும் ஒரே கையால் வழங்கியது என்பதே என் வாதம்.

குடியானவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பாலசமுத்திரம் உள்ளிட்ட பழனிச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் காவல் அவர்கள் பொறுப்பு. 1792இல் திண்டுக்கல் கம்பெனி வசமானபின் அந்த ஏற்பாடு குலைந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான போலீஸோ கிராமத்து இரவுகளுக்குப் போதவில்லை. அந்த இடைவெளியில் கள்ளர்கள் வாங்கிய காவல்கூலி கட்டாய வசூலாகிப்போனது. கூலி தராதவன் தொழுவத்திலிருந்து மாடு போகும். தேடி அலைபவனிடம் ஒரு தரகர் வருவார். மாட்டின் விலையில் ஒரு பங்கு, பெரும்பாலும் பாதி, துப்புக்கூலியாகக் கொடுத்தால் குறிப்பிட்ட இடத்தில் மாடு நிற்கும். போலீஸுக்குப் போனவனுக்கு மாடும் இல்லை, நிம்மதியும் இல்லை.

ஆனாலும் துப்புக்கூலி வாங்கியவனும், வாங்காமல் உழுது பிழைத்தவனும் பண்டின் பார்வையில் ஒன்றே. வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன. விசாரணை இல்லை, தனியாள் குற்றம் என்ற பேச்சும் இல்லை. இங்கே ஒப்பிட்டுப் பார்க்க 1856ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உதவும். அங்கே குடிமக்கள் தாமே அமைத்த கண்காணிப்புக் குழு நால்வரைத் தூக்கிலிட்டது. அதை எதிர்த்தவர்கள் ‘சட்டம் ஒழுங்கு’ அணியாகத் திரண்டனர். குழு செய்தது அநீதியே என்றாலும், அது பெயர் சொல்லி ஆளைக் குறித்தது. திண்டுக்கல் பண்டு குறித்தது ஒரு குலத்தை. கள்ளர்கள் எதிர்த்து நின்றதை வெறும் கலகமென்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. குற்றம் செய்யாதவன் தன் கூரையைக் காத்துக்கொள்வது நியாயமே.

அரசின் நிலைதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. கலவரத்தை அடக்குவது அதன் கடமை. காவல்முறை ஒழிவதோ அதற்கு உவப்பானது. இந்த இரட்டை மனம் நீடிக்கவில்லை. குற்றம் பிறப்போடு வருவது என்று பண்டு நடைமுறையில் காட்டியதை, 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் எழுத்திலாக்கியது. கள்ளர்களில் ஒரு பிரிவினரான பிரமலைக் கள்ளரின் ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இரவில் வெளியே செல்லவும் தடை வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.