புத்தளத்திலிருந்து பாதமலைக்கு: இபுனு பத்தூத்தாவின் வழிநடை

விடுமுறை நாள்களிற் காட்டிலும் கடலோரத்திலும் கூடாரமிட்டுத் தங்குதலும், நெடுவழி நடத்தலும், மலையேறுதலும் மேனாட்டாரிடமிருந்து நாம் அண்மையிற் கற்ற பழக்கங்கள் என எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பொருந்தாது. கதிர்காமத்துக்கும் சிவனொளிபாதமலைக்கும் கால்நடையாகச் சென்ற நம் முன்னோர், வழியிலே சமைத்துண்டு, மரநிழலில் உறங்கி, வனவிலங்குகளிடையே பல நாள் கழித்தவர்களே. அவர்கள் எவ்வாறு ஊறின்றிச் சென்று மீண்டனர் என்பதை அறியத் துணைசெய்யும் பழைய சான்றொன்று புத்தளக் கரையிலே தொடங்குகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொறொக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிற் பிறந்த இபுனு பத்தூத்தா, கி. பி. 1325 ஆம் ஆண்டில் ஊர் நீங்கி, ஏறக்குறைய முப்பதாண்டு உலகைச் சுற்றியவர். மாலைதீவிலிருந்து அவர் ஏறிவந்த கப்பல் கி. பி. 1344 ஆம் ஆண்டிலே 'பத்தாலா' என்னுந் துறையை அடைந்தது. இது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. அது சிறியதும் அழகியதுமான ஊர் என்றும், மரத்தாலாகிய மதிலும் காவற்கோபுரங்களும் உடையது என்றும், வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுபோற் கிடந்தன என்றும் அவர் கூறுகின்றார். அங்கே அவரை வரவேற்ற மன்னன், யாழ்ப்பாணத்தை ஆண்ட குலத்தினனாகிய ஆரியச்சக்கரவர்த்தி. அவனை மார்த்தாண்ட சிங்கையாரியன் என அடையாளங் காண்பாரும் உளர். முத்துக்குவியலின் முன் வீற்றிருந்த அம்மன்னன், வேண்டுவதைக் கேட்குமாறு கூறினான். விருந்தினர் கேட்டது ஒன்றே: ஆதத்தின் அடிச்சுவடு எனத் தம் சமயத்தார் போற்றும் மலையைக் காணவேண்டும் என்பதே அது.

இப்பயண நூல் பிற்காலத்தில் நினைவிலிருந்து சொல்லி எழுதுவிக்கப்பட்டது. ஆதலின், ஊர்ப்பெயர்களிலும் தூரங்களிலும் ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும், வழிநடை பற்றிய செய்திகள் பட்டறிந்தவர் கூற்று என்பதை வெளிப்படையாகக் காட்டுகின்றன.

மன்னன் செய்த ஏற்பாட்டை முதலில் நோக்குவோம். பல்லக்கொன்றையும் அதனைச் சுமப்போரையும் அவன் அளித்தான். மேலும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகிகள் நால்வர், அந்தணர் மூவர், அரசனின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவர் ஆகியோரை உடனனுப்பினான். இவர்கள் முப்பத்திருவர். இவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் உணவு சுமக்கவே சென்றனர். வழியில் நீர் நிறைய உண்டாதலின் அதனைச் சுமக்கவேண்டியதில்லை என்பதும் முன்னரே அறியப்பட்டிருந்தது. பயணி மீளும்வரை கப்பற்றலைவன் காத்திருக்கவும் ஒழுங்கு செய்யப்பட்டது. வழியறிந்தோர், உணவு, நீர், மீளும் வகை என்னும் நான்கும் முதலடி எடுத்துவைக்குமுன்னரே எண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

முதனாள் அவர்கள் ஓர் ஆற்றங்கரையிலே தங்கி, மூங்கில் மிதவையால் அதனைக் கடந்தனர். பின் 'மன்னார் மண்டலி' என அவர் குறிக்கும் ஊரை அடைந்தனர். அது முந்தற் பகுதியாகலாம் என்பர். நோயுற்றுப் பின்தங்கி அங்கிருந்த குராசான் நாட்டார் ஒருவரும் இக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். அடுத்து வந்த 'பந்தர் சலாவாத்து' இக்காலச் சிலாபம். அதற்கப்பால் நீர் மிக்க கரடுமுரடான காட்டுவழி, யானைகள் மலிந்தது.

யானை பற்றி அவர் ஒரு கதை கூறுகின்றார். முன்னொருகால் பசியால் வாடிய யாத்திரிகர் சிலர், தம் தலைவராகிய பெரியார் தடுத்தும் கேளாது, யானைக்கன்றொன்றைக் கொன்று தின்றனர். இரவிலே யானைகள் திரண்டுவந்து அவர்களைக் கொன்றன. உண்ணாதிருந்த பெரியாரை மட்டும் ஒரு யானை முதுகிலேற்றி, மக்கள் வாழும் இடத்திலே சேர்த்தது. இதனை வரலாறெனக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், காட்டிற் புகுவோன் அங்கு வாழும் உயிர்க்கு இடையூறு செய்யலாகாது என்னும் அறிவை அக்கதை தாங்கி நிற்கின்றது.

மலையடியில் அவர் கண்ட மற்றோர் இடர் மிகச் சிறியது; அட்டை. நீரருகே மரத்திலும் புல்லிலும் இருந்து அது மனிதர்மேற் பாயும் என்றும், யாத்திரிகர் எலுமிச்சம்பழம் வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிவர் என்றும், பின்னர் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவர் என்றும் எழுதியுள்ளார். யாத்திரிகர் ஒருவர் இதனைப் பொருட்படுத்தாது விட்டு, குருதி வடிந்து இறந்தார் என்பது அவர் கேட்ட செய்தி. அட்டையின் உமிழ்நீர் குருதியை உறையவிடாது என்பதை இக்கால விஞ்ஞானம் விளக்குகின்றது. தட்டையான விளிம்பினால் மெல்ல நீக்கிக் காயத்தைக் கழுவுதலே நன்று என இன்று கூறுவர். மருந்து மாறினும், சிறு தீங்கை இகழாதே என்னும் பாடம் மாறவில்லை.

மலைமேற் செல்ல இரு வழிகள் இருந்தன. ஆதத்தின் பெயரால் 'பாபா' எனப்பட்டது கடினமானது. ஏவாளின் பெயரால் 'மாமா' எனப்பட்டது எளியது. கடினமான வழியிலே முன்னோர் பாறையிற் படி வெட்டி, இருப்பாணி அறைந்து, பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். பத்தாவதைப் பற்றிக் கீழே நோக்குவோர் அச்சத்தால் இறைவன் பெயரை ஓதுவராம். உச்சிக்கு முன்னுள்ள குகையிலே மூட்டைகளை வைத்துவிட்டு, வெறுங்கையராய் ஏறுதல் வழக்கம். முன் சென்றோர் பின் வருவோர்க்காக அமைத்த காவல் இவையெல்லாம்.

ஒப்புநோக்க வேறொருவரையுங் கூறலாம். கி. பி. 1660 இல் கண்டி அரசனாற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் இரொபேட்டு நொக்சு, 1679 இலே தப்பி, மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டைக் கடந்து, புத்தளக் கரைக்கு வடக்கே மன்னாரைச் சார்ந்த அரிப்பை அடைந்தார். அவருக்கு வழிகாட்டி இல்லை. ஆயினும், ஏறக்குறைய இருபதாண்டு இந்நாட்டு மக்களோடு வாழ்ந்து பெற்ற அறிவே வழிகாட்டியாயிற்று. கூடாரத்துக்குத் தாளிப்பனை ஓலை கொள்ளும் வழக்கத்தையும் அவர் நூல் விளக்குகின்றது.

இன்று புத்தள மாவட்டக் கரை மாணவரையும் உல்லாசப் பிரயாணிகளையும் பெரிதும் ஈர்க்கின்றது. வடக்கே 1938 இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து உள்ளது. அதற்குப் பெயர் தந்த 'வில்லு' என்னும் மழைநீர்த் தேக்கங்களுள் சில உவர்நீர் கொண்டவை. எங்கும் நீர் கிடைக்கும் என நம்பி வெறுங்கையோடு செல்லலாகாது. 2006 ஆம் ஆண்டிலே அவ்வனத்திற் கண்ணிவெடியில் அகப்பட்டுச் சுற்றுலாச் சென்றோர் மாண்ட துயரமும் மறக்கற்பாலதன்று. மூடப்பட்ட வனம் 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது. விதித்த பாதையை விட்டு விலகாமையின் பயனை இதனினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை. மேற்கே கற்பிட்டியில் வைகாசி முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வருதல் இயல்பு; அப்போது திறந்த வெளியிலும் தனிமரத்தடியிலும் நிற்றல் தீது. விடியலில் நடந்து, உச்சிவெயிலில் இளைப்பாறி, மாலைக்குமுன் தங்குமிடஞ் சேர்தல் இவ்வறண்ட நிலத்துக்கு ஏற்ற முறை. கடலின் நிலையை உடப்பிலும் கற்பிட்டியிலும் வாழும் மீனவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

பத்தூத்தாவின் கதை ஈண்டு முடிந்துவிடவில்லை. அவர் மலையைக் கண்டு, தென்கரையையும் காலியையும் கொழும்பையும் கடந்து, புத்தளத்துக்கு நலமே மீண்டார். பின்னர் தமிழகக் கரை நோக்கிக் கப்பலேறினார். காற்று வலுத்தது, கப்பல் ஆழமற்ற கடலில் தரைதட்டிச் சிதையலாயிற்று. கைதேர்ந்த மாலுமி தம்மோடு இல்லை என்று அவரே எழுதுகின்றார். மிதவை கட்டிச் சிலர் கரைசேர, அவர் இரவு முழுதும் கப்பலில் இருந்து, மறுநாள் அக்கரை மக்களால் மீட்கப்பட்டார்.

ஒரே மனிதர், ஒரே துறையிலிருந்து இரு பயணங்கள் செய்தார். யானைக்காடும் சங்கிலி மலையும் கொண்ட நெடிய பயணம் இனிதே முடிந்தது. குறுகிய கடற்பயணம் உயிரிழப்பின் விளிம்புவரை சென்றது. வேறுபாடு துணிவில் இல்லை. துணிவு இரண்டிலும் ஒன்றே. முன்னதில் ஆண்டுதோறும் அவ்வழி நடந்த யோகியர் நால்வர் உடனிருந்தனர். பின்னதில் அத்தகையோர் இலர். விடுமுறைக்கு மூட்டை கட்டும் மாணவர், கூடாரத்தையும் விளக்கையும் எண்ணுமுன், தம்முள் வழியறிந்தவர் யார் என எண்ணுவாராக. அத்தகையோர் இல்லையெனிற் கேட்டறிக, கேட்டபின் நடக்க. காடும் கடலும் மலையும் அவ்வாறு வருவோர்க்கு என்றும் இன்பம் பயப்பனவே.