பயிற்சிப் பாவையும் பெண்ணுடலும்

மருத்துவம் பயில்வோர் நோயாளியைத் தீண்டுமுன் உயிரற்ற பாவையிற் கைபழகுவது நெடுநாளைய வழக்கம். 1759 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணைபெற்ற தியு கூத்ரே அம்மையார் என்னும் மருத்துவிச்சி, துணியாலும் தோலாலும் அமைத்த பெண்ணுருப் பாவையுடன் ஊர்தோறுஞ் சென்று, நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று மருத்துவம் கற்பித்தார். அவர் பாவைகளுள் ஒன்று பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. மகப்பேறு பெண்ணுக்கே உரியதாதலின், அங்கே பெண்ணுடலே பாடமாயிற்று.

ஏனைய மருத்துவப் பயிற்சிகளின் நிலை வேறு. 1960 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்மண்ட் லேர்டால், நின்ற மூச்சை மீட்கும் பயிற்சிக்கென 'ஆன்' என்னும் பாவையை உருவாக்கினார். ஆண்முகப் பாவையின் வாயில் வாய்வைத்து ஊத ஆடவர் கூசுவர் எனக் கருதிய அவர், சேன் நதியில் மூழ்கி இறந்தவளெனக் கதை வழங்கும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகத்தை அதற்கு அமைத்தார். முகம் பெண்முகம், மார்போ தட்டையானது.

போர்க்கள மருத்துவப் பயிற்சிக்குரிய பாவைகளும் பெரும்பாலும் ஆணுருவாகவே அமைந்தன. படை ஆடவர் படையாயிருந்த காலத்தில் அஃது இயல்பெனத் தோன்றியிருக்கலாம். ஆனால், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நிகழ்ந்த போர்களில் அமெரிக்கப் படையைச் சேர்ந்த 150க்கு மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். 2015 டிசம்பரில் அந்நாட்டுப் படையின் போர்ப் பணிகள் யாவும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

குருதிப்பெருக்கையும் மார்புக் காயத்தையும் விரைந்து கண்டறிவது போர்க்கள மருத்துவரின் முதற்கடமை. அதற்கு உடையை வெட்டி நீக்கி, உடல் முழுவதையுங் கையால் தடவி ஆராய்தல் வேண்டும். ஆண்பாவையில் மட்டும் பழகிய கை, பெண்ணின் மார்பகத்தின் கீழ் மறைந்த சிறு காயத்தைக் காணாது விடலாம். நாணத்தால் தயங்கவுங் கூடும்.

இத்தயக்கம் வெறுங் கற்பனையன்று. பொதுமக்களிடையே நிகழ்ந்த ஏறத்தாழ 20,000 இதயநிறுத்தங்களை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான முடிவின்படி, பொது இடங்களில் வீழ்ந்த ஆடவருள் நூற்றுக்கு 45 பேர் அருகிலிருந்தோரிடம் இதய அழுத்த உதவி பெற்றனர்; பெண்களுள் 39 பேரே பெற்றனர்.

இக்குறையை உணர்ந்த அமெரிக்க இராணுவ ஆராய்ச்சியாளர், ஆண்பாவையின்மேல் பொருத்தத்தக்க பெண்ணுடல் உறைகளை ஆராயத் தலைப்பட்டனர். ஆண்பாவைக்குப் பொய்ம்முடி சூட்டிவிட்டால் அது பெண்பாவை ஆகிவிடாது. காயம் மறையும் இடமும் கை கூசும் இடமும் பாவையிலே இருத்தல் வேண்டும். பயிற்சிக்கூடத்தில் நீங்காத கூச்சம், குருதி பெருகும் வேளையிலா நீங்கும்?