நிலப்பட அச்சில் கருப்பு: தனித் தகடு முதல் வண்ண அமைப்பு வரை

1879இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் தொடக்ககால நிலப்படங்கள் மூன்று செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டவை. ஊர், சாலை, எல்லை, பெயர்கள் கருப்புத் தகட்டில். ஆறும் ஏரியும் நீலத் தகட்டில். சமவுயரக் கோடுகள் பழுப்பில். காட்டுப் பச்சை பின்னாளில் சேர்ந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் அதற்கென்றே ஒரு மை. ஊர்ப்பெயர் ஒன்றின் எழுத்துகள் அனைத்தும் ஒரே தகட்டிலிருந்து ஒரே மையில் பதிந்தன. தாள் சற்று விலகினால் பெயர் முழுதாக இடம் மாறும். எழுத்தின் விளிம்பு கலங்காது. கருப்பு இங்கே தனித்தியங்கும் ஓர் அடுக்கு. கணினி குலைத்தது இந்தத் தனிமையைத்தான் என்பதும், இன்றைய கருப்பு அமைப்புகள் அதை மீட்கவே தோன்றின என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில், பூச்சிட்ட பிளாஸ்டிக் படலத்தில் கோடுகளைச் சுரண்டி வரையும் முறை பரவியது. கருவி மாறியதே தவிர, நிறத்துக்கு ஒரு படலம் என்ற ஒழுங்கு மாறவில்லை.

கணினித் திரையில் மை கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யமானால் அதுவே கருப்பு. அச்சுக்குப் போகும்போது வண்ண விவரக்கோப்பு (இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1993இல் உருவானது) அந்தப் பூஜ்யங்களை நான்கு மைகளுக்குப் பங்கிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் நெடுங்காலம் இயல்பாக இருந்த அமெரிக்க விவரக்கோப்பு தரும் விடை: சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. கூட்டினால் 300 விழுக்காடு மை. ஒளிப்படத்தின் நிழலுக்கு இது ஆழம் தரும். நிலப்படத்துக்கோ பெருங்கேடு. 0.25 பாயின்ட் கோட்டின் அகலம் ஏறத்தாழ 0.09 மி.மீ.தான். ஒரு தகட்டின் ரெஜிஸ்டர் (மற்றத் தகடுகளோடு பொருந்தும் இடம்) 0.1 மி.மீ. தவறினாலே, கருங்கோட்டின் பக்கத்தில் வேறொரு நிறக்கோடு முளைத்துவிடும். சிற்றூர்ப் பெயர்கள் வாசிக்க முடியாமல் போகும்.

இரண்டாம் சிக்கலின் வேர் 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இருக்கிறது. அதில் மேலே வரையும் பொருள் அடியில் உள்ளதை மறைக்கும் என்பதே இயல்பு விதி. பச்சைக் காட்டின்மேல் பெயர் எழுதினால், எழுத்தின் வடிவத்தில் பச்சை வெட்டி எடுக்கப்படும். ரெஜிஸ்டர் பிசகினால் அங்கே வெள்ளைக் கீற்று தெரியும். செப்புத் தகட்டுக் காலத்தில் இந்தக் குறைக்கு இடமே இல்லை. கருப்பு மை பச்சையின்மேல் நேராக விழுந்தது.

எனவே தீர்வு இரண்டு பகுதி கொண்டது. கோடும் எழுத்தும் கருப்பு மை 100, மற்றவை 0 என்று அமைய வேண்டும். அவை அடிநிறத்தை வெட்டாமல் மேலச்சாக விழ வேண்டும். வண்ணம் மாற்றும்போது கருப்பைக் காக்கும் தெரிவு இதற்கு உதவுகிறது. ஆனால் இதை மூலக் கோப்பிலேயே செய்வது மேல் என்பேன். புவித்தகவல் மென்பொருள்கள் சில திரை நிறங்களிலேயே இயங்கியதால், வரைஞர்கள் படத்தை இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளுக்குக் கொண்டுபோய்த் திருத்தி வந்தனர். அவற்றுள் ஒன்றான க்யூஜிஐஎஸ் 2024இல்தான் அச்சு நிறங்களுக்கு நேரடியாக இடம் கொடுத்தது.

அகன்ற கரும்பரப்புக்கு மட்டும் சிறிது சியான் சேர்ப்பது நல்லது. அதன் நடுவே நுண்ணிய வெள்ளை எழுத்து இருந்தால் அதுவும் கூடாது. மெல்லிய கோட்டைச் சாம்பல் நிறமாக்குவதும் ஆபத்து. கருப்பின் விழுக்காடு புள்ளிகளாக உடைவதால் கோடு அறுபட்டுத் தெரியும். பழுப்புத் தகட்டைப் போலத் தனி மை கொடுப்பதே அங்கே சரியான வழி.

இவற்றைச் சரிபார்க்க, அச்சுக் கோப்பின் வண்ணப் பிரிப்பு முன்னோட்டத்தில் கருப்பை மட்டும் அணைத்துப் பார்க்கலாம். ஊர்ப்பெயர்கள் சுவடின்றி மறைய வேண்டும்; அவை இருந்த இடத்தில் காட்டின் பச்சை துளையில்லாமல் நிற்க வேண்டும்.