மீன்தொட்டிச் செடி சொல்லும் வரலாறு



உங்கள் வகுப்பறை மீன்தொட்டியில் உயிருள்ள செடி இருக்கிறதா? எத்தனை வாரம் தாக்குப்பிடித்தது? என் வகுப்பில் மூன்று வாரம்தான். கிரிப்டோகோரின் என்ற செடியை வாங்கி நட்டோம். இலைகள் ஒவ்வொன்றாகக் கூழாகிக் கரைந்தன. செத்துப்போச்சு என்று நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன். ஒரு மாணவி கேட்டாள்: "வேர் வெள்ளையாத்தானே சார் இருக்கு? ஏன் தூக்கிப் போட்டீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது. வாங்க, சேர்ந்தே பார்ப்போம்.

குமிழி சொன்ன சேதி

1771-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி சரிசெய்கிறது என்று புரிந்தது. எப்படி என்று புரியவில்லை.

1779-இல் நெதர்லாந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹௌஸ் இலைகளை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார். வெயிலில் இலைமேல் குமிழிகள் வந்தன, இருட்டில் வரவில்லை. ஒளி இல்லாமல் அந்த வேலை நடக்காது என்று முடிவு செய்தார். இரவில் செடியும் காற்றைக் கெடுக்கிறது என்றும் எழுதினார். பள்ளி அறிவியல் கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்துச் செய்கிறோமே, அந்தச் சோதனைக்கு மூலம் இதுதான்.

நமக்குப் பாடம் என்ன? செடிக்கு விளக்கு வேண்டும், ஆனால் 24 மணி நேரமும் வேண்டாம். நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

வாரிங்டனின் நத்தைகள்

1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி மலிவானது; வீட்டுக்குள் தொட்டி வைப்பது எளிதானது. 1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 12 கேலன் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். மீன் வெளிவிடும் கரிவளியைச் செடி எடுக்கும், செடி தரும் உயிர்வளியை மீன் எடுக்கும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு.

கணக்கு தவறியது. பழைய இலைகள் அழுகின. வழவழப்பான பாசி படர்ந்து தண்ணீர் கலங்கியது. அவர் செடியைத் தூக்கி எறியவில்லை. 'இங்கே எது குறைகிறது?' என்று யோசித்துச் சில குளத்து நத்தைகளை விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை லண்டன் வேதியியல் கழகத்தில் அறிவித்தார்.

1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது.

எது குறைவோ அதுவே எல்லை

செடியின் வளர்ச்சியை மிகுதியாக உள்ள சத்து தீர்மானிப்பதில்லை. மிகக் குறைவாக உள்ளதே தீர்மானிக்கிறது. இக்கருத்தை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜெர்மனியின் லீபிக். வயலுக்குச் சொன்னது தொட்டிக்கும் பொருந்தும். காற்றோடு ஒப்பிட்டால் நீரில் கரிவளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. அதனால் நாம் விளக்கை மட்டும் கூட்டினால் செடி வளராது, பாசிதான் வளரும்.

ஜப்பானின் தாகாஷி அமானோ (1954–2015) ஒளி, கரிவளி, சத்து மூன்றையும் சமன்செய்து தொட்டியையே சிறு காடாக்கிக் காட்டினார். பாசியைத் தின்ன அவர் பயன்படுத்தியது ஒரு சின்ன இறால். வாரிங்டனின் நத்தை செய்த அதே வேலை, இல்லீங்களா?

இனி அந்த மாணவியின் கேள்வி

கிரிப்டோகோரின் நம் மண்ணின் செடி. தீபகற்ப மலேசியாவின் நிழல் படிந்த காட்டோடைகளில் பல இனங்கள் வளர்கின்றன. சிங்கப்பூரின் புக்கிட் தீமா பகுதிக்கே உரிய ஒரு வகையும் உண்டு. இவை மெதுவாக வளரும்; குறைந்த ஒளியே போதும். நீரோ ஒளியோ திடீரென மாறினால் இலைகளை உதிர்த்துவிடும். ஆனால் வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புதுத் தளிர் வரும். ஆக, நான் எறிந்தது செத்த செடி அல்ல. மாணவி சொன்னதுதான் சரி.

ஆகவே, ஆசிரியர்களே, இதைச் செய்து பாருங்க:

- அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுங்க, வேரைத் தொடாதீங்க.
- வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்க. குழாய் நீரின் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்க.
- தொட்டியை நேர் வெயிலில் வைக்காதீங்க.
- செடியின் வேர் மண்ணுக்குள்ளும் தண்டின் அடி மண்ணுக்கு மேலும் இருக்கட்டும்.

இன்னொன்று. வேண்டாத செடியைக் கால்வாயிலோ ஆற்றிலோ வீசாதீங்க. மீன்தொட்டிக்கென விற்கப்படும் கபோம்பா தென் அமெரிக்கச் செடி. அந்த இனத்தில் ஒன்று பகாங்கின் தாசேக் சினி ஏரியில் பரவி, தாமரைக்குப் பேர்பெற்ற அந்த ஏரியையே திணறவைத்தது. கிள்ளிய துண்டு ஒன்று போதும், புதுச் செடியாகிவிடும். ஓடையிலிருந்து செடியைப் பிடுங்கி வருவதும் வேண்டாம்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். 1771, 1779, 1850, 1854 என்று ஆண்டுகளை மட்டும் எழுதினால் அது பட்டியல். முந்தியவர் விட்ட கேள்வியைப் பிந்தியவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எழுதுங்க. அப்போதுதான் அது வரலாற்றுக் கட்டுரை. பிரீஸ்ட்லி விட்ட 'எப்படி'யை இங்கன்ஹௌஸ் எடுத்தார். தன் தொட்டி கலங்கியபோது வாரிங்டன் 'ஏன்' என்றார்.

என் வகுப்பில் அதே 'ஏன்'-ஐக் கேட்டவள் அந்த மாணவி. இப்போது புதுச் செடி ஒன்று வைத்திருக்கிறோம். போன மாதம் அதன் இலைகளும் கரைந்தன. இந்த முறை யாரும் பிடுங்கவில்லை. நேற்று, நகக்கண் அளவில் ஒரு தளிர் வந்திருக்கிறது.